முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

தச்சநல்லூரில் எங்களுக்குப் பால் ஊற்றும் செல்வி அக்கா, பாலை அளப்பதற்கு முன்பே "விசா வந்துட்டா?" என்று கேட்டுவிடுகிறார். "இல்லக்கா" என்றால், ஏனோ அன்றைக்கு ஒரு கரண்டி பால் கூடுதலாக ஊற்றுகிறார். அந்தக் கூடுதல் பால்தான் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. நார்வேயில், பெர்கன் நகரத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில், படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டால் மற்றவர்கள் தங்கள் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருப்பார்கள். ஆள் போன பிறகுதான் வெளியே வருவார்கள். முதல் வருடம் அதை நினைத்து அழுதிருக்கிறேன். இப்போது அந்த மூடிய கதவுகளுக்காக ஏங்குகிறேன் என்று எழுதினால், அங்கே தனிமையில் வாடும் உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம்.

அங்கே எதிர்வீட்டு இங்ரிட் அம்மாவின் கணவர் ஒருமுறை மருத்துவமனையில் இருந்தார். "உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன்" என்றேன். இங்ரிட் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவ்வளவு மோசமா? மருத்துவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். ஜெபம் அந்த ஊரில் கடைசி நேரத்துக்கு உரியது போலும். இங்கே எங்கள் சபையில் நேர் எதிர். கேட்பதற்கு முன்பே ஜெபம், கிடைப்பதற்கு முன்பே நன்றி ஸ்தோத்திரம்.

கணவர் ஸ்டீபனுக்கு வேலை மாறியதால் எனக்கும் நான்கு வயது மகள் ஜெனிக்கும் குடியிருப்பு அனுமதி புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ஆறு வாரத்தில் திரும்பலாம் என்று விண்ணப்பித்துவிட்டு மாமியார் வீட்டுக்கு வந்தோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கின. சிலர் மீனை விட்டார்கள், சிலர் பூவை விட்டார்கள். எனக்கு எது பிரியமானது என்று யோசித்தேன். கைப்பேசி. நாற்பது நாளும் அதைத் தொடுவதில்லை என்று பொருத்தனை பண்ணி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஸ்டீபன் அத்தையின் கைப்பேசியில் கூப்பிடுவார். எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சுதல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குருத்தோலை ஞாயிறன்று, கர்த்தர் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அத்தை எழுந்தார். "எம் மருமகளுக்கும் பேத்திக்கும் கர்த்தர் விசா தந்துட்டாரு. ஸ்தோத்திரம்!" விசுவாசத்தில் முந்திச் சொல்வது எங்களில் பலருக்கு வழக்கம்தான். ஆனால் அத்தை அதை நடந்து முடிந்ததாகவே சொன்னார், சபையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த வாரமே ஊறுகாய், வத்தல், அங்கே இருக்கும் யாரோ ஒருவருடைய மகனுக்குக் கருப்பட்டி என்று வீடு நிறைந்துவிட்டது. உபதேசியார் வந்து வழியனுப்பும் ஜெபமும் செய்துவிட்டுப் போனார்.

ஈஸ்டர் முடிந்து கைப்பேசியைத் திறந்தேன். குடியேற்ற அலுவலகத்திலிருந்து என் மின்னஞ்சலுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. முதலாவது, திருமணச் சான்றிதழின் உறுதி செய்த நகலைப் பதினான்கு நாட்களுக்குள் அனுப்பச் சொன்னது. இரண்டாவது, அனுப்பாததால் நிராகரிக்கிறோம் என்றது. அந்தச் சான்றிதழின் பதிவேடு எங்கள் கோயில் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. அந்த நாற்பது மாலைகளிலும் அந்த அலமாரியிலிருந்து இருபது அடி தூரத்தில் முழங்காலில் நின்று, வழி திறக்கச் சொல்லி நான் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டீபனிடம், ஆவணம் போதவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். "நான்தான் எதையோ சரியா வைக்கல போல. மன்னிச்சுரும்மா" என்றார். நான் மன்னித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான காரியம் எதுவும் செய்ததில்லை.

வந்த பண்டங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். "பரவால்ல, நீங்களே சாப்பிடுங்க" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மறுபடி விண்ணப்பித்தோம். பதில் இல்லை. மாதங்கள் போயின. பெண்கள் ஜெபக்குழுவில் எஸ்தர் மதினி என் தலையில் கை வைத்து, "ஏட்டி, ஒனக்குள்ள மறைவா என்னமோ இருக்கு. அதான் தடை" என்றார். அவர் எல்லாரிடமும் சொல்லும் வசனம்தான் அது. என் விஷயத்தில் சரியாகப் போய்விட்டது. தேங்கிக் கிடப்பது கர்த்தர் நம்மை வளர்க்கும் காலம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என்னிடம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது ஒரு பொய் மட்டுமே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டீபனிடம் முழுவதையும் சொன்னேன். முதல் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டார். பிறகு, "சரி. அம்மாட்ட மட்டும் சொல்லிராத" என்றார். ஆனால் அத்தை தன் விசுவாசக் குறைவால்தான் விசா போனது என்று வெள்ளிதோறும் பட்டினி கிடந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். வீட்டில் அத்தையிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அங்கேயும் நான் மெச்சப்படத்தான் நின்றேனோ?

"கர்த்தர் தாமதிக்கல. அத்தை விசுவாசத்திலயும் குறை இல்ல. கடுதாசி வந்துது. நான் பொருத்தனையச் சொல்லிக்கிட்டுப் பாக்காம விட்டேன். பெறகு மறைச்சுட்டேன்."

அல்லேலூயா சொல்ல வாய் திறந்தவர்கள் திறந்தபடியே இருந்தார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமி, "எல்லாரும் எழுந்து நின்னு பாடுவோம்" என்றார். நான் மேலே ஏதும் சொல்வதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. வெளியே வந்ததும் அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ சபை நடுவுல நாந்தான் பொய்க்காரியா?"

பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் கேட்டு ஜெபித்த எதற்கும் இவ்வளவு தெளிவான பதில் வந்ததில்லை.

போன வாரம் எங்கள் கோயில் அசனம். சபை முழுவதும் சேர்ந்து சமைத்து ஊருக்கே போடும் விருந்து. வெளியூர்க்காரர்களுக்கு முதல் பந்தி, உள்ளூர்க்காரர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார்கள். போன தடவை வந்திருந்தபோது என்னை முதல் பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள். இந்த முறையும் எஸ்தர் மதினி, "நீ வெளிநாட்டுக்காரில்லா, இங்கன இரி" என்று கையைப் பிடித்தார். கிண்டலா, நிஜமா என்று எனக்குப் புரியவில்லை.

"அவ எங்க போகப் போறா?" அத்தையின் குரல் பின்னாலிருந்து வந்தது. "அவ கையில சாம்பார் வாளியக் குடு."

எனக்குக் கிடைத்தது தண்டனையா, இடமா? வாளியை வாங்கிக்கொண்டேன். பெண்கள் பந்தியில் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனேன். வரிசையின் நடுவில், யாரோ உட்கார வைத்திருந்த ஜெனி, வெளியூர்க்காரர்களோடு சப்பணமிட்டு உட்கார்ந்து, இலையில் சோற்றுக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவர்களை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று அத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கரண்டி தன் இலைக்கு மேல் வந்ததும், நிமிர்ந்து பாராமலே, "அக்கா, கொஞ்சம் போதும்" என்றாள்.

கொஞ்சமாக ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.