அம்மா வந்திருந்த நான்கு நாள்

முப்பது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். நுரையீரல் புற்றுநோய் வந்ததோ என் மனைவிக்கு. ஈப்போ மருத்துவமனையில் அதைக் கேட்டதும், டாக்டர் ஆள் மாற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"புகையே பிடிக்காதவங்களுக்கும் இந்த வகை வரும். மரபணுல ஒரு மாற்றம். உங்களாலதான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. கார் நிறுத்தத்துக்கு வந்து அழுதேன். அழுத கையோடு ஒரு சிகரெட்டும் பற்றவைத்தேன். நான் அப்படிப்பட்ட ஜென்மம்.

உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் சிகிச்சை ஒன்று உண்டாம். அது இவளுக்கு இருக்கும் மரபணு மாற்றத்துக்கு அவ்வளவாக எடுபடாதாம். அந்த மாற்றத்தையே குறிபார்த்துத் தாக்கும் மாத்திரை ஒன்று ஆராய்ச்சியில் இருந்தது. சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டாள். தினமும் காலையில் ஒரு மாத்திரை. விழுங்கியதும் அவர்கள் கொடுத்த சின்னப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். அடிக்கடி நாள் தவறினால் ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டிவரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மாத்திரை கொடுப்பதும் குறிப்பதும் என் பொறுப்பு. வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது வாரம் அவள் முகத்தில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். மறுநாள் மார்பிலும் முதுகிலும். பார்த்தவுடன் என் கை தானாகக் குவிந்துவிட்டது. அம்மா வந்திருக்கிறாள்!

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மையை எங்கள் வீட்டில் நோய் என்று சொல்லமாட்டோம், அம்மா வந்திருக்கிறாள் என்போம். அம்மா இருக்கும் வீட்டில் மருந்து கூடாது, தாளிப்பு கூடாது, கவிச்சி கூடாது. ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலைக்கு லீவு போட்டேன். கேட்டில் வேப்பிலை கட்டினேன். மாத்திரைப் பெட்டியைச் சாமி மேடையில் விளக்குக்குப் பின்னால் வைத்தேன். சிகரெட்டை நினைக்கவும் பயமாக இருந்தது. அவள் நான் கொடுத்த உப்பில்லாத கஞ்சியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

நான்காம் நாள் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள். வர முடியாது என்று ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தது மலாய் நர்ஸ். அம்மைக்கு மலாயில் வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் நோயின் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. "மாக் சுடா டத்தாங்" என்றேன், அம்மா வந்துவிட்டாள் என்று. அந்தப் பெண் சந்தோஷமாக, "பாவா மாக் செக்காலி லா" என்றாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள்! போனை வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் திரும்ப வந்தது. பேசியவர் அங்கே மருந்தாளுநர், கோப்பெங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்.

"அண்ணே, வீட்டுக்கு அம்மா வந்துருக்காங்கன்னு இங்க எழுதியிருக்கு. பெத்த அம்மாவா, வேப்பிலை அம்மாவா?"

"வேப்பிலைதான்" என்றேன்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"அது அம்மா இல்லண்ணே. இந்த மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் தோலு பொங்கும். பூசுறதுக்கு மருந்து இருக்கு. பெட்டிய எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க லா."

பெட்டியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவளைக் காரில் ஏற்றினேன். புகையால் கெடுத்தது போதாதென்று பக்தியாலும் கெடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மருந்தாளுநர் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு நாள் காலி. பெட்டியைக் கொட்டி மாத்திரைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஒரு நாள்கூடத் தவறலையேண்ணே. சரியா இருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மருந்தாளுநர் கொடுத்த களிம்பின் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "எப்படி எடுத்த?"

"காலையில விளக்கேத்துறது யாரு? நீங்க குளிக்கப் போனதும் போட்டுக்குவேன். கொப்புளம் வரும்னு அந்த மருந்து குடுக்குற பொண்ணு முதல் நாளே சொல்லிருச்சு. நீங்கதான் தம் அடிக்க வெளிய போயிட்டீங்க. எனக்குச் சுங்காய் தோட்டத்துல எட்டு வயசுலேயே அம்மா வந்து போயாச்சு. மறுபடியும் எதுக்கு வரப்போறா?"

"பிறகு ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

அவள் களிம்புக் குழாயைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"வீட்ல அம்மா இருந்தா நீங்க சிகரெட்டத் தொடமாட்டீங்க. நாலு நாளு ஆச்சு. அஞ்சாவது நாளும் பாப்போம்னு இருந்தேன்."

சிக்னல் பச்சை விழுந்தும் பின்னால் ஹாரன் அடிக்கிறவரை அப்படியே இருந்தேன்.

களிம்பு பூசக் கொப்புளங்கள் அடங்கின. மாத்திரை தொடர்கிறது, அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்கிறோம். கேட்டில் வேப்பிலை இன்னும் தொங்குகிறது. காய்ந்ததும் நானே புதிதாகக் கட்டுகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னும் எடுக்கலையா? யாருக்கு அம்மா வந்துருக்கு?"

"எனக்கு" என்றேன்.