மரவள்ளியும் இஞ்சித் தண்ணீரும்

சிவனேஸ்வரி பயந்தவள். அதை அவளே ஒத்துக்கொள்வாள். யாழ்ப்பாணத்தில் நாலு வேலிக்குள் பிறந்து வளர்ந்தவளை, நெடுங்கேணிக்கு அப்பால் காட்டை வெட்டித் திறந்த குடியேற்றத் திட்டத்தில் கொண்டுவந்து விட்டால் பயப்படாமல் என்ன செய்வாள்? வயலுக்குள் இறங்கும் யானைக்குப் பயந்தாள். கூரை ஓலைக்குள் சரசரக்கும் பாம்புக்குப் பயந்தாள். மழை விட்டதும் வரும் காய்ச்சலுக்குப் பயந்தாள். இவை எல்லாவற்றையும் விட, சிற்றம்பலம் வாத்தியாரின் மனைவி விமலேஸ்வரிக்குப் பயந்தாள்.

விமலேஸ்வரி யாரையும் கடித்ததில்லை. திட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராக வந்த கணவனோடு பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே குடியிருந்த, நல்ல மனமுள்ள, கொஞ்சம் வாய் நீண்ட பெண். அவளிடம் இருந்த குற்றம் ஒன்றுதான். அவள் சிவனேஸ்வரியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போய்விடுவாள். அங்கே சிவனேஸ்வரியின் மச்சாள்மார் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். "காடெண்டாலும் அங்க போய் ராசாத்தி மாதிரி இருப்பன்" என்று அவர்களுடைய முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தவள் அல்லவா இவள்? ராசாத்தி இப்போது என்ன சாப்பிடுகிறாள் என்று அறிய அவர்களுக்கு ஆசை இருக்காதா?

ராசாத்தி சாப்பிட்டது மரவள்ளிக் கிழங்கு.

காரணம் தை மாதம். அறுபத்திரண்டாம் ஆண்டு பிறக்கும்போது மூத்தவள் இராசமலர் ஐந்தாம் வகுப்புக்குப் போகவேண்டும், சின்னவள் புவனம் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். கொப்பி, பென்சில், சிலேட்டு, வெள்ளைச் சட்டை என்று எல்லாம் தையில் வேண்டும். நெல்லோ மாசியில்தான் வீட்டுக்கு வரும். கமக்காரனின் வீடு வழித்துத் துடைத்துக் கிடக்கிற மாதத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கவேண்டும் என்று எந்தப் புத்திசாலி முடிவு செய்தானோ தெரியாது. கணவன் கதிர்காமநாதன் சுலபமான வழி ஒன்று சொன்னான்.

"சின்னவள் வாற வருசம் போகட்டுமன். பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போகுது?"

அவள் பார்த்த பார்வையில் அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

காசு உள்ளே வர வழியில்லை என்றால் வெளியே போகாமலாவது மறிக்கலாம். தீபாவளி முடிந்த கையோடு அவள் அந்த வேலையைத் தொடங்கினாள். காலைப் புட்டுக்குக் கடையில் மா வாங்குவது நின்றது. அந்த இடத்துக்கு வளவில் விளைந்த மரவள்ளி வந்தது. ஆனால் பிள்ளைகளை வயிறு காயப் போட்டு மிச்சம் பிடிக்கிறவள் அல்ல அவள். கிழங்கு வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் ஒருநாள் முருங்கையிலை வறை இருக்கும், ஒருநாள் குளக்கட்டில் பிடுங்கிய பொன்னாங்காணி இருக்கும், ஒருநாள் கோடையில் காயவைத்த குளத்து மீன் இருக்கும். முட்டையில் பாதி கடைக்குப் போனது, பாதி பிள்ளைகளுக்குப் போனது. தாயும் தகப்பனும் முட்டைப் பொரியல் மணத்தோடு நின்றுகொண்டார்கள்.

பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கழற்றி, ஊசியும் நூலும் கொண்டு தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினாள். பென்சிலை இரண்டாக வெட்டினாள். தன் வெள்ளைச் சேலை ஒன்றைக் கிழித்து இரண்டு சட்டை தைத்தாள். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று பிள்ளைகள் இருவரும் புறப்பட்டுப் போனபோது, அவளுடைய கண்ணே பட்டுவிடுமோ என்று இருந்தது.

மரவள்ளியில் ஒரு வில்லங்கம் உண்டு. கிழங்கு சாப்பிட்ட வயிற்றில் இஞ்சி பட்டால் அது நஞ்சு, ஆள் தப்பாது என்பது அவள் தாயிடம் கேட்டது; தாய் தன் தாயிடம் கேட்டது. சிவனேஸ்வரி அதனால் இஞ்சியை வீட்டுப் படலைக்குள்ளேயே எடுப்பதில்லை. தடிமன், சளி என்று வந்தாலும் வெறும் கொத்தமல்லிதான். பிள்ளைகளுக்கும் உருப்போட வைத்திருந்தாள். ஊரில் ஒரு குடும்பம் தெரியாமல் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, பாயில் படுத்தபடியே விறைத்துக் கிடந்த கதையை ஒருநாள் விலாவாரியாகச் சொன்னாள். சொன்னதோடு நின்றாளா? வாயில் நுரை தள்ளியதையும் சேர்த்துச் சொன்னாள். இராசமலர் அன்று முழுக்கத் தாயின் சேலைத் தலைப்பை விடவில்லை.

உருப்போட வைத்த இன்னொரு பாடமும் உண்டு.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு ஆரும் கேட்டால் புட்டு எண்டு சொல்லவேணும். விளங்குதே? கிழங்கெண்டு வாயில வந்துதோ, தோலை உரிச்சுப்போடுவன். அதுவும் வாத்தியார் வீட்டு மாமி கேட்டால் கட்டாயம் புட்டுத்தான்."

"ஓம் அம்மா" என்றாள் இராசமலர். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்படிப்பட்ட பிள்ளை.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு கிழமை இருக்கும். அன்று விடியவே மழை. கதிர்காமநாதன் பசளை எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தான். பிள்ளைகள் கிழங்கும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள். மழை கொஞ்சம் வெளித்த நேரம், படலையில் சைக்கிள் மணி கேட்டது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து கருவாடும் ஊசி நூலும் கொண்டுவந்து வீடு வீடாக விற்கும் சரீப். திட்டத்துப் பெண்கள் எல்லாரும் அண்ணன் முறையில் அவனை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு வீட்டில புட்டாமே? எனக்கு ஒரு வாய் இல்லையோ?" என்று சிரித்தான்.

சிவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "ஆர் நானா சொன்னது?"

"உங்கட மூத்த மகள்தான். மழைக்குப் பள்ளிக்கூடத்தில ஒதுங்கி நிண்டனான். பிள்ளையள் எல்லாம் தெப்பமா நனைஞ்சு போய் நிண்டதுகள். வாத்தியாரம்மா பாவம், ஒரு பெரிய பானை நிறைய இஞ்சித் தண்ணி காய்ச்சிக் கொண்டுவந்தா. கெட்டிக்காரி. குடுக்க முதல், காலமை மரவள்ளி சாப்பிட்ட பிள்ளையள் கையைத் தூக்குங்கோ எண்டு கேட்டவ. நாலைஞ்சு தூக்கிச்சுதுகள். அதுகளுக்கு வெறும் தேத்தண்ணி. உங்கட மகளிட்டயும் கேட்டவ. அது எழும்பி நிண்டு, நாங்கள் புட்டு எண்டு சொல்லிச்சுது. என்ன மரியாதையான பிள்ளை!"

சிவனேஸ்வரி படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சவையே?"

"குடிக்காம? நான் வெளிக்கிடேக்க உங்கட மகள் கோப்பையை வாயில வைச்சுக்கொண்டு நிண்டது."

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சரீப்பிடம் சைக்கிள் இருந்தது. திருப்பி மிதித்தால் அவள் குளக்கட்டில் ஏறுவதற்குள் அவன் பள்ளிக்கூடத்தில் நிற்பான். ஆனால் சரீப் படியேறாத வீடு அந்தத் திட்டத்தில் இல்லை. அவனிடம் சொன்னால் பொழுதுபட முன்னர் ஊருக்கே சொன்ன மாதிரி. பாழாய்ப்போன மானம் அவளை விடவில்லை.

"இண்டைக்கு ஒண்டும் வேண்டாம் நானா" என்றாள். அவன் மணியை அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் போய்விட்டான்.

அவன் மறைந்ததும் ஓடினாள். கதவைச் சாத்தவில்லை, அடுப்பை அணைக்கவில்லை. ஒழுங்கை முடிந்து காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில்தான் தான் செய்த வேலை அவளுக்கு உறைத்தது. பெற்ற பிள்ளை சாகக் கிடக்கிறது. தாய் மச்சாள்மாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றாள். திரும்பி நின்று "நானா! நானா!" என்று கத்தினாள். குரங்குகள்தான் மரத்தில் பாய்ந்தன.

அந்தப் பாதையில் அவள் தனியாகப் போனதே இல்லை. வழியில் யானை இலத்தி ஆவி பறக்கக் கிடந்தது. வேறொரு நாள் என்றால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள். இன்றைக்கு அதை மிதித்துக்கொண்டு ஓடினாள். பற்றைக்குள் ஏதோ முறிந்து சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குளம் நிரம்பி, இப்போதுதான் வான் பாய்ந்து பாதையைக் குறுக்கே மூடியிருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினாள். தண்ணீர் காலை இழுத்தது. தான் போய்விட்டால் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆள் இல்லையே என்ற நினைப்பில்தான் காலை ஊன்றினாள்.

முருகா, சின்னவளுக்கு வாய் எரியட்டும், அவள் துப்பியிருக்கட்டும் என்று வேண்டினாள். மூத்தவளுக்கு என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அவள் துப்பமாட்டாள்.

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது. முன்னால் சின்ன வகுப்பில் புவனம் சிலேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். சிவனேஸ்வரி அவளை இழுத்துத் தூணோரம் கொண்டுபோனாள்.

"வயித்துக்க நோகுதே? இஞ்சித் தண்ணி குடிச்சனீயே?"

"இல்லை. அக்கா விடேல்லை" என்றாள் புவனம் முறைப்பாடாக. "மாமி அங்கால திரும்பேக்க என்ர கோப்பையையும் பறிச்சுத் தானே குடிச்சிட்டா. எனக்குக் குளிர்ந்தது அம்மா."

"அக்கா எங்க?"

"பின்னுக்கு இருக்கிறா. தன்னட்ட வரவேண்டாமாம். பின்னேரம் தனியக் காட்டுப் பாதையால போகாத, அப்பா வருமட்டும் வாத்தியார் வீட்டில நில் எண்டு சொன்னவ."

பள்ளிக்கூடத்தின் பின்சுவரோடு இராசமலர் இருந்தாள். வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் கீழே ஒரு சாக்கை விரித்திருந்தாள். கால்களை நேராக நீட்டி, சட்டையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். உதடு வெளிறியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

சிவனேஸ்வரியின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு வாய்ப்பாடு நின்றுபோனது.

"விமலேஸ்வரி அக்கா! ஓடி வாங்கோ! என்ர பிள்ளையள் மரவள்ளி தின்னிறதுகள்! தீபாவளியில இருந்து நாங்கள் மரவள்ளிதான் தின்னிறம்! பிள்ளை பொய் சொன்னது, நான்தான் சொல்லச் சொன்னனான்! ஐயோ, ஓடி வாங்கோ!"

வாத்தியாரும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். விமலேஸ்வரி சொம்பு நிறைய உப்புத் தண்ணீரோடு வந்து, பிள்ளையின் வாயைப் பிளந்து ஊற்றினாள். இராசமலர் ஓங்காளித்து ஓங்காளித்து எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகும் ஊற்றினார்கள். வெறும் தண்ணீர் வருமட்டும் விடவில்லை. ஆஸ்பத்திரி கிட்டத்தில் இல்லை, பஸ் பின்னேரம்தான். வாத்தியார் மாட்டு வண்டில் தேடி ஆள் அனுப்பினார். குளம் பாய்கிறது, வண்டில் வராது என்று ஆள் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பிள்ளையை வாத்தியார் வீட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். சிவனேஸ்வரி அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை தள்ளுமா? கை விறைக்குமா? ஒருமுறை பிள்ளையின் விரல் துடித்தபோது இவள் அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கால்மாட்டில் இருந்து விமலேஸ்வரி விம்மிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டனான் சிவனேஸ்வரி. கேட்டிட்டுத்தான் குடுத்தனான். ஒருக்கா இல்லை, ரெண்டுதரம் கேட்டனான்."

"உங்களில ஒரு பிழையும் இல்லை அக்கா" என்றாள் சிவனேஸ்வரி. அந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு நாளும் பயந்தேன் என்று நினைக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

நுரை தள்ளவில்லை. கை விறைக்கவில்லை. வெயில் சரிந்து யன்னலுக்குள் வந்தது. வாத்தியார் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நல்லா அடிக்குது" என்றார். வாந்தி எடுத்ததால்தான் தப்பியது என்றாள் விமலேஸ்வரி. உண்மை என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும். பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் ஊறியது. சிவனேஸ்வரி குனிந்து தலையைத் தடவினாள்.

"என்ர குஞ்சு, கண்ணைத் திற. அம்மா வந்திட்டன்."

இராசமலர் கண்ணைத் திறந்தாள். முதலில் தாயைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் விமலேஸ்வரியைக் கண்டாள். கண்டதும் பிள்ளையின் உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நான் சொல்லேல்லை அம்மா" என்று அழுதாள். "மாமிக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சத்தியமாச் சொல்லேல்லை. அடியாதேங்கோ."

பிள்ளையின் தலையை மறுபடி தடவ நீட்டிய கை அப்படியே நின்றது. அதை எடுக்கவும் சிவனேஸ்வரிக்குத் துணிவில்லை, வைக்கவும் துணிவில்லை.