கிம் வந்தால் நின்றுவிடும் பேச்சு

ஓய்வுபெற்ற பின்னும் ஆசிரியர்களால் பாடம் நடத்துவதை நிறுத்த முடிவதில்லை. நிறுத்தினால் வீட்டில் உள்ளவர்கள்தாம் மாணவர்களாக நேரிடும். இந்தத் துன்பத்தை அறிந்த சக ஆசிரியப் பெருமக்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரகடத்தில் ஆலைகள் பெருகியதன் பயனாக, தண்டலத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொரியாவிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பெயர் கிம். கார் இருக்கைகள் செய்யும் ஆலை ஒன்றில் பொறியாளர். ஞாயிறுதோறும் வருவார். தமிழ் எதற்காக என்று முதல் நாள் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சொன்னார்: "நான் உற்பத்தி லைனுக்கு வந்தால் தொழிலாளர்களின் பேச்சு நின்றுவிடுகிறது. நான் போனதும் மறுபடி தொடங்குகிறது. நான் இருக்கும்போதும் அது நடக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கே திரும்பிவிடுவேன்."

சக்கரத்தடியில்

ஆலைக்குச் சுமை தூக்கும் புதிய ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று வந்தது. அதை ஓட்டும் செல்வம் என் அடுத்த வீட்டுக்காரர். வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, கற்பூரம் எடுத்துவரப் போயிருக்கிறார். அந்நேரம் அவ்வழியே வந்தவர் கிம். தரையில் எப்பொருளும் கிடக்கலாகாது என்னும் ஆலை ஒழுங்கில் ஊறியவர். பழங்களைப் பொறுக்கித் துடைத்து, ஒரு தட்டில் அழகாக அடுக்கிக் கேன்டீனில் ஒப்படைத்துவிட்டார். செல்வம் திரும்பி வருவதற்குள் அவை சர்பத்தாகிவிட்டன.

செல்வம் வண்டியில் ஏற மறுத்தார். காரணம் முழுதாய் விளங்காவிட்டாலும், கிம் தாமே வெயிலில் நடந்துபோய்ப் புதுப் பழங்கள் வாங்கிவந்து, குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் வாய்திறக்கவில்லை. செல்வம் மட்டும் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாராம்: "மூஞ்ச தூக்கி வச்சிக்காத சார். பழத்த நசுக்கினாதான் வண்டி நம்பள நசுக்காது. அவ்ளோதான் மேட்டரு."

பளபளத்த தூக்கு

வெயிலில் போய்ப் பழம் வாங்கிவந்தவர் என்று கேள்விப்பட்டு, செல்வத்தின் மனைவி வசந்தா ஒரு தூக்கு நிறைய எறாக் குழம்பு கொடுத்தனுப்பினார். கிம் அந்தத் தூக்கை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்துக் கழுவி, மறுநாளே நன்றியுடன் திருப்பிக் கொடுத்தார். அதன் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரையேனும் போடாமல் நாம் பாத்திரத்தைத் திருப்புவதில்லை என்பதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? வசந்தா மதில்மேல் சாய்ந்துகொண்டு, "காலித் தூக்க குடுத்தனுப்பிக்கிறாரு டீச்சர். கொழம்பு புடிக்கலயா, நம்பளயே புடிக்கலயா?" என்று கேட்டார்.

ஞாயிறன்று நான் விளக்கியதும் கிம்மின் காதுகள் சிவந்தன. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய், அதே காலித் தூக்கைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டொரு நாளில் அது நிறைந்து வந்தது. அதற்குள் அவர் ஊரிலிருந்து தருவித்துவைத்திருந்த, சோற்றைச் சுற்றி உண்ணும் கடற்பாசித் தாள்கள் இருந்தன. வசந்தா திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு மதிலருகே வந்தார். "டீச்சர், கார்பன் பேப்பர் மாரி இன்னாமோ கட்டுக்கட்டா கீது. இத துன்றதா, பில்லு போடுறதா?"

விடியற்காலைப் பேருந்து

குழம்பு போய் வந்தது. கடற்பாசி வந்து போனது. ஆனால் லைனில் பேச்சு நின்றுகொண்டுதான் இருந்தது. ஆலைக் காரை விட்டுவிட்டு, இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களின் பேருந்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பலானார் கிம். அங்கும் அவர் ஏறியதும் அமைதிதான். சன்னலுக்கு வெளியே ஏரிமேல் பனி படர்ந்திருக்கும். ஆலை விளக்குகள் பனிக்குள் கரைந்து ஒவ்வொன்றாக மறையும். நீரில் நிற்கும் கருவேல மரங்கள் பின்னோக்கி மிதந்துபோகும். பேருந்தே கனவு கண்டுகொண்டு போவது போலிருந்தது என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் கற்றுத்தராத சொற்றொடர் அது.

ஒரு நாள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்க வேண்டிய கிம், தண்டலத்தில் செல்வத்துடன் இறங்கினார். வழியில் உறங்கிப்போன செல்வத்தின் தலை கிம்மின் தோளில் சாய்ந்திருக்கிறது; எழுந்தால் உறக்கம் கலையும் என்று தம் நிறுத்தத்தில் இறங்காமலேயே வந்துவிட்டார். செல்வத்துக்குக் கூச்சம் தாங்கவில்லை. "எழுப்ப வேணாமா? இன்னா சார் நீ!" என்று தலையைச் சொறிந்தார். கிம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "நீங்கள் உறக்கத்தில் பேசினீர்கள். நான் பக்கத்தில் இருந்தும் நிறுத்தவில்லை."

 செல்வம் அவர் கையைப் பிடித்து டீக்கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பால் பொங்கி வழிந்த பிறகுதான் எனக்கு அடுப்பின் நினைவு வந்தது.

ஆயுத பூஜை

பூஜையன்று குடும்பத்தாரை ஆலைக்குள் விடுவார்கள். வசந்தா என்னையும் அழைத்துப்போனார். ஓய்ந்து நின்ற இயந்திரங்களின் நெற்றியெல்லாம் சந்தனம். பொரியும் வாழைப்பழமும் கமழ்ந்தன. செல்வம் ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவரின் கல்யாணப் பிரியாணியில் கறி குறைந்த கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, கிம் உள்ளே வந்தார்.

என் மூச்சு நின்றது. கதை நிற்கவில்லை. "லெக் பீஸு ஒண்ணுதான்டா, அதுவும் மாப்ள எலைல" என்று ஒருவர் தொடர்ந்தார். கிம் மெல்ல நடந்து ஏணியருகே போய் நின்றார். செல்வம் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சார், லைட்ட மறைக்காத. அப்டி ஓரமா நில்லு."

கிம் ஓரமாக நின்றார். இன்னும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே நிற்கப் போகிறார். நான் கற்பித்த செந்தமிழில் ஒரு சொல்லும் அதற்கு உதவவில்லை என்பதை மட்டும் ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் மிக நாகரிகமாகப் பேசாமல் தவிர்த்துவருகிறோம்.