மூடியின் மேல் உட்கார்ந்தவள்

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாள் நெருங்க நெருங்க ஆரோக்கியசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் பன்னிரண்டு வருடமாக நிற்பவள். அந்த வாரம் ஒயரை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே ஷிப்டில் நான்கு பீஸ் ரிஜெக்ட் ஆயிற்று. அவள் பயந்தது நீதிபதிக்கு அல்ல, செத்து இரண்டு வருடமான அப்பாவுக்கு.

காவேரிப்பட்டினத்தில் அற்புதராஜ் என்றால் தனி மரியாதை. மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் உயராது. தப்பு செய்த பிள்ளையின் கையைப் பிடித்து மெதுவாக வாசலுக்குக் கூட்டிவருவார். அங்கே தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. இரும்பு மூடியைத் தூக்கி, செல்வியின் தம்பி மேக்ஸ்வெல்லை உள்ளே இறக்கி மூடிவிடுவார். இடுப்பளவு தண்ணீர், கும்மிருட்டு. அவனுக்கு அப்போது ஏழு வயது. அம்மா உள்ளே போய் மிக்ஸியை ஓடவிடுவாள்.

மேக்ஸ்வெல் வளர்ந்து லாரி மெக்கானிக் ஆனான். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் ஆறு வயது மகள் ஜெசியைத் தனியாக வளர்த்தான். “அவருக்கு வயசாயிடுச்சுடா, முன்ன மாதிரி இல்ல” என்று அம்மா சொன்னதை நம்பி, கோடை விடுமுறையில் ஒரு வாரம் மட்டும் பிள்ளையை அங்கே விட்டான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பார்க்கப் போனான். வாசலில் அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குக் கீழே, தரைக்குள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம்.

மூடியைத் திறந்து பிள்ளையை வெளியே தூக்கி உட்காரவைத்துவிட்டு, வண்டியிலிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்தான். போலீஸ் வரும்வரை ஜெசியை மடியில் வைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்காக வாதாடிய வக்கீல் ஹீனா, செல்வியின் வாடகை வீட்டுக்கே வந்தாள்.

“உங்க தம்பி கொல்லவே இல்லன்னு நான் சொல்லப் போறதில்லக்கா. ஏன் கொன்னாருன்னு யாராவது சொல்லணும். சின்ன வயசுல அப்படி ஒண்ணும் நடக்கலன்னு உங்கம்மா சொல்லிட்டாங்க. கண்ணால பாத்தது நீங்க ஒருத்தர்தான்.”

மறுநாளே அம்மாவின் போன் வந்தது. “செத்த மனுசனோட மானத்தை வாங்கப் போறியாடி? சொல்லு, போய்ச் சொல்லு. அப்ப நீ என்ன பண்ணிக்கினு இருந்தன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவ?”

அந்தக் கேள்வியைத்தான் இருபத்தைந்து வருடமாக யாரும் கேட்டுவிடக் கூடாதென்று செல்வி வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாட்சிக் கூண்டில் ஏறினாள். பின்னால் அப்பா நிற்பதுபோலவே இருந்தது. தொட்டியைப் பற்றி ஹீனா கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி முடித்தாள். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

“உங்களுக்கு அப்ப என்ன வயசும்மா?”

“பத்துங்க.”

“தம்பி உள்ள கிடந்து கத்தறான். மூடியைத் திறந்துவிட வேண்டியதுதானே? அப்படி நடந்திருந்தா சும்மாவா இருந்திருப்பீங்க?”

ஆமாம், எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குற்றவாளிக் கூண்டில் நின்ற தம்பி தலையைக் குனிந்திருந்தான்.

“எப்படிங்க திறக்க முடியும்? மூடி மேல உக்காந்திருந்ததே நான்தான்.”

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

“அப்பா உக்கார வெப்பாருங்க. ஐந்நூறு வரைக்கும் எண்ணணும். நடுவுல எழுந்தா அடுத்து நீதான்னு சொல்லுவாரு. கீழ அவன் தட்டுவான், எனக்கு உடம்பெல்லாம் அதிரும். எழுந்திருக்கலைங்க. ஒருநாள்கூட நான் எழுந்திருக்கல.”

விசாரணை முடிந்து போலீசார் மேக்ஸ்வெல்லை வராந்தா வழியே அழைத்துப் போனபோது அவள் தூணோரம் ஒதுங்கி நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவனே நின்றான்.

“எனக்கு அப்பவே தெரியும்க்கா. நீ அழுவுறது உள்ள கேக்கும்.”

திட்டமிட்ட கொலை அல்ல, பிள்ளையை அந்த நிலையில் கண்ட ஆத்திரத்தில் நடந்தது என்று சொல்லி நீதிபதி ஏழு வருடம் சிறை விதித்தார். அம்மா செல்வியைக் கடந்து, முன்பின் தெரியாதவளைப்போல பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனாள். அதன்பின் பேச்சில்லை.

ஜெசி இப்போது ஓசூரில் அத்தையோடு இருக்கிறாள். குளிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாள். செல்வி வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, கம்பெனிக் கதை எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால், “அத்தை, இருக்கியா?” என்று குரல் வரும்.

“இருக்கேன்டா, நீ ஊத்திக்கோ.”

கோர்ட்டு பயம் போய்விட்டது. இந்தப் பிள்ளைமேல் தனக்கு என்றாவது கோபம் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதை ஹீனாவிடம் சொன்னாள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற, தெரிந்த டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப்போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். வருகிற சனிக்கிழமைக்குச் செல்வி லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.