வைத்த நாள்: வைகாசி 14

அந்தக் கண்ணாடிச் சீசா இன்னும் என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. தேன் வாங்கிய அகலவாய்ச் சீசா, அடிப்பக்கம் பழுப்பேறிவிட்டது. அதன் வயிற்றில் ஒட்டிய தாளில், ஊதா மையில், என் கையெழுத்து: "வைத்த நாள்: வைகாசி 14, செவ்வாய். எடுக்கும் நாள்: வைகாசி 17, வெள்ளி." வருடமும் எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் இருப்பதால் அறுபதுகளின் பிற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளும் கிழமையும் எழுதிவைப்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தால் பலருக்கு உதவியாக இருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஒருவருக்குச் செய்த கெடுதல் இந்தத் தாளில் இருக்கிறது.

அப்போது நாங்கள் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன் தச்சர். பின்வாசலில் ஓலைக் கொட்டகை போட்டு அங்கேயே பட்டறை வைத்திருந்தார். நான் ஒரு நூற்பாலையில் எழுத்தர். மூன்றாவது ஆள் அண்ணனின் மனைவி, என் மதினி. கண்டரமாணிக்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மதினி நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் நாலு வெங்காயத்துக்குள் எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவிவிட்டு வருவார். அவருடைய அய்யா, அதாவது அப்பா, முன்பே தவறிவிட்டார் என்பதற்கு மேல் பெண் பார்த்தபோது எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி இருந்தார். எங்கள் அடுப்படிக்கும் அவருடைய சாமான் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அதில் காற்றுக்காக விட்ட ஒரு துவாரம். சித்திரை முடியும்போது ஆச்சியின் தோப்பிலிருந்து மாங்காய் வண்டியில் வந்து இறங்கும். வைக்கோலைப் பரப்பி அந்த அறையில் பழுக்க வைப்பார்கள். அந்த வருடம் வைகாசி பிறந்ததும் எங்கள் அடுப்படியில் பொடி ஈ வந்தது. எள்ளை அள்ளி இறைத்ததுபோல் சுவரெல்லாம் ஈ. தண்ணீர்க் குவளையின் விளிம்பிலும், ஊற்றி வைத்த மோரிலும், பேசுகிறவர் வாயிலும் ஈ. மதினி முந்தானையால் விசிறிக்கொண்டே சமைத்தார், விசிறிக்கொண்டே பரிமாறினார்.

வைகாசி 5, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆச்சி எங்கள் கட்டுக்கு வந்தார். அடுப்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார். "எம் மகன் ஆனி பொறந்ததும் பினாங்குலேருந்து வாறான். பொண்ணு வீட்டுக்காரவுகளும் வருவாக. அதுக்குள்ள இந்த ஈ போகணும். அடுப்படியச் சுத்தமா வச்சா ஏன் ஈ வருது? போகலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க." மதினி, "சரிங்க ஆச்சி" என்றார். வீடு போனால் பட்டறையும் போகும். பட்டறை போனால் அண்ணன் இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டும். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து அடுப்படி போர்க்களமானது. மதினி முறத்தில் விளக்கெண்ணெய் தடவி வீசினார். பத்து ஈ ஒட்டியது, நூறு ஈ பறந்தது. நான் ஒரு டம்ளரில் வெல்லத் தண்ணீர் வைத்தேன். எறும்பு வந்தது. காகிதத்தைப் பொட்டலம்போல் சுருட்டி, நுனியில் துளையிட்டு, சீசா வாயில் செருகினால் உள்ளே போகிற ஈ வெளியே வராது என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்தேன். முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் ஆகும் என்றும் படித்தேன். சீசா தயார், பொட்டலம் தயார். உள்ளே வைத்த மாம்பழத் தோலுக்கு ஈ சரியாக மசியவில்லை. அண்ணன், "நம்ம வச்சிருக்கிற விருந்து ஈக்குப் பிடிக்கலை போல. ஒம் மதினியச் சமைக்கச் சொல்லு" என்று கிண்டல் செய்தார். மதினி சிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க எதையோ யோசித்தபடி அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வைகாசி 14 அன்று நான் வேலை முடிந்து வந்தபோது அவரே ஒரு கலவை செய்து வைத்திருந்தார். அழுகின வாழைப்பழம், கருப்பட்டி, வெந்நீர், அதோடு சிறு துண்டு வேலம்பட்டை. பல்பொடிக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. "இத மூணு நாளு அடுப்போரம் வைங்க தம்பி. அப்புறம் பாருங்க" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரமில்லை. தாள் வெட்டித் தேதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அந்தச் சீசாவைத் துணியில் வடிகட்டி ஈர்க்குச்சியால் எண்ணினேன். நூற்றுப் பதினேழு. அதன்பின் தினமும் ஒன்றிரண்டு சீசா சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் வைத்த நாள், எடுக்கும் நாள், இரண்டாம் நாள் நிலை, மூன்றாம் நாள் நிலை. ஒரு நோட்டில் கட்டம் போட்டு எண்ணிக்கையும் எழுதினேன். மதினி வழக்கத்தைவிட வேகமாக நடமாடினார். சீசாக்களின் பக்கம் மட்டும் அதிகம் போகமாட்டார். "எண்ணி முடிச்சாச்சா தம்பி? பேரு வைக்க வேண்டியதுதான பாக்கி?" என்று தூரத்திலிருந்தே கேட்பார்.

நோட்டிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. சுவர்த் துவாரத்துக்குக் கீழே வைத்த சீசாவில் மட்டும் மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு ஈ விழுந்தது. ஆக, ஈ எங்கள் அடுப்படியில் பிறக்கவில்லை. ஆச்சியின் மாம்பழ அறையில் பிறக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அது மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். சாராய ஊறல் பானை ஒன்று அகப்பட்டால் வீட்டுக்காரரையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். அடுப்போரம் கருப்பட்டியும் பழமும் வேலம்பட்டையும் புளிக்கிற வாடை ஊறலின் வாடைதான் என்று எனக்குத் தெரியாது. ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. வைகாசி 23, வியாழக்கிழமை மாலை அவர் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு முதன்முறையாக எங்கள் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டார். வரிசையாகப் பதினோரு சீசா. ஒன்றைக் கையில் எடுத்துத் தாளைப் படித்தார்.

"ரெண்டாம் நாளு, மூணாம் நாளு. பதம் பாத்து எழுதி வச்சிருக்கீக. எத்தனை நாளா நடக்குது இது?"

"ஈ புடிக்கிறதுக்கு ஆச்சி" என்றார் மதினி.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். எந்தச் சீசாவில் எத்தனை, எந்தக் கிழமை எத்தனை என்று விரல் வைத்துக் காட்டினேன். ஈ அவருடைய அறையிலிருந்துதான் வருகிறது என்பதையும் விடாமல் சொன்னேன். ஆச்சி நோட்டைப் பார்க்கவே இல்லை. மதினியைப் பார்த்தபடி, "ஈ புடிக்க வேலம்பட்டை போடணும்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த நேரத்தை நான் எத்தனையோ தடவை அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கும். 'நான்தான் புத்தகத்தில் படித்துச் சொன்னேன்' என்று சொல்ல அது போதும். எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன்தான், ஆச்சி நம்பியிருப்பார். நான் நோட்டில் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மதினி சொன்னார்: "எங்கய்யா காய்ச்சுனவரு ஆச்சி. ஊறல் போட்டா ஊரு ஈயெல்லாம் அங்குட்டுத்தான் வரும். சின்னப் புள்ளையில என்னையத்தான் பானைகிட்ட விசிறச் சொல்லி உக்கார வச்சிருப்பாரு. அதான் தெரியும். ரெண்டு தடவை உள்ள போனாரு. ரெண்டாவது தடவை போனவரு திரும்பி வரலை."

அண்ணன் பட்டறையிலிருந்து உளியோடு வந்து வாசற்படியில் நின்றிருந்தார். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். ஆச்சி சீசாவை வெளிச்சத்தில் ஆட்டினார். உள்ளே செத்த ஈக்கள் எள்ளுப்போல் சுழன்றன. வெகுநேரம் பார்த்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்தார். "இருக்கட்டும். அந்தத் தாளையெல்லாம் மட்டும் கிழிச்சுப் போட்டுருங்க தம்பி. வேற யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாக" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் உளியைக் கீழே வைத்தார். மதினியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "விசிறி விசிறிக் கை வலிச்சிருக்குமே?" மதினி கழுவிய பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஆச்சியின் அறையிலிருந்து அழுகின மாம்பழங்கள் கூடைகூடையாக வெளியே போயின. ஆனி 3-ஆம் தேதி நோட்டில் சைபர் என்று எழுதியிருக்கிறேன். மகன் வந்தார், பெண் வீட்டார் வந்தார்கள், எல்லாம் நன்றாக நடந்தது. யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆச்சி முன்னைவிட மரியாதையாகவே நடந்துகொண்டார். பலகாரம் கூடக் கொடுத்தனுப்பினார். ஆனால் மதினியால் அங்கே இருக்க முடியவில்லை. "அவுக நல்லவுகதான். ஆனா என்னையப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பானையும் சேந்து தெரியுமில்ல" என்று அண்ணனிடம் சொன்னார். ஆடி கழிந்ததும், ஆவணியில், ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். அங்கே கொட்டகை போட இடமில்லை. அண்ணன் எழுபதுகளின் நடுவரை இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு இழைத்தார். என்னை இருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வாடை காற்றோடு போயிருக்கும், நாளும் பதமும் எழுதிய தாள்தான் ஆச்சியை அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்துத் தாள்களைக் கிழித்தேன். பதினோராவதைக் கிழிக்க மனம் வராமல் சீசாவோடு பெட்டியில் மறைத்து வைத்தேன். ஏன் என்று இன்றுவரை எழுதத் தெரியவில்லை.

போன வாரம் மதினி என் வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணன் போய் ஏழு வருடம் ஆகிறது. எண்பதைத் தாண்டியும் அவருக்கு உட்காரப் பொறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். மாம்பழக் காலம். என் மருமகள் ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி வைத்திருந்தாள். ஈ அதைச் சுற்றிவிட்டுப் பழத்துக்கே போயிற்று. நான் ஒரு புதுச் சீசாவைக் கழுவி, வாழைப்பழமும் கருப்பட்டியும் போட்டு, காகிதத்தைச் சுருட்டிச் செருகி ஜன்னலோரம் வைத்தேன். வேலம்பட்டை போடவில்லை.

மதினி வந்து பக்கத்தில் நின்றார். சீசாவின் வெறும் வயிற்றை விரலால் ஒரு தடவை தடவினார்.

"என்ன தம்பி, தேதி போடலையா?"

அன்றைக்கு வராத பொய் இப்போது உடனே வந்தது. "பேனா இல்லை மதினி."

ஒரு ஈ காகிதத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, துளையைத் தேடி உள்ளே இறங்கிற்று. அவர் அதைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவின் மூடி வெளியே தெரிந்துகொண்டிருந்தது.