நான் ஒட்டிய வால்

வௌவாலுக்கு வால் வைத்தது நான்தான்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் எனக்கு டிசைனிங் வேலை. எந்தப் படம் வந்தாலும் குறை தெரியாமல் சரிசெய்து அனுப்புவது எங்கள் பழக்கம். சாமி படத்தில் ஒரு விரல் மறைந்திருந்தால் வரைந்துவிடுவோம். பாப்பாவுக்குப் பல் விழுந்திருந்தால் முளைக்க வைத்துவிடுவோம்.

அன்று வந்தது வௌவால் சார்ட். மலைமேலுள்ள ஏலக்காய் எஸ்டேட்டுகளில் ஒட்டுவதற்காக ஒரு ஆராய்ச்சி மேடம் கொடுத்த ஆர்டர். பழந்தின்னி வௌவால்கள் இரண்டு, அக்கா தங்கச்சி மாதிரி. இடதுபக்கம் குட்டைமூக்கு வௌவால். எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் வீட்டுக் கொய்யாவைக் கடித்துப் போட்டு என்னிடம் திட்டு வாங்குகிற அதே ஆள்தான். அதற்குக் குட்டியாக ஒரு வால். கீழே ‘ஆபத்து இல்லை’ என்று எழுத்து. வலதுபக்கம் ‘அழியும் ஆபத்து’. அதற்கு வாலே இல்லை. பாவம், போட்டோவில் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, குட்டைமூக்கின் வாலை எடுத்து அதற்கும் ஒட்டிவிட்டேன்.

அச்சான தாள்களை வாங்க வந்த மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வால் இல்லாததுதாம்மா இதுக்கு அடையாளமே. உலகத்துலயே நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இது இருக்கு. மருந்துக்குன்னு சொல்லிப் பிடிச்சுக் கொல்றாங்க. பிடிச்சவங்க திருப்பிப் பார்த்து, வால் இல்லன்னா விட்டுடணும். அதுக்குத்தான் இந்த சார்ட்.”

மறுபடி அடித்துத் தரச் சொல்லி முதலாளி அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

“வாலைத்தான ஒட்டிருக்கீக, தலையவா மாத்திட்டீக? காலண்டர் சீசன்ல மிசினை நிறுத்த முடியாது தாயி.”

மேடமும் நானும் பிளேடும் கையுமாக உட்கார்ந்து இருநூறு தாளிலும் அந்த வாலைச் சுரண்டினோம். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போனது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. என் மேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு அது போதவில்லை.

சில மாதம் கழித்து மேடம் போன் செய்தார். எஸ்டேட்டில் ஒருவர், வலையில் சிக்கிய வௌவாலைச் சார்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாராம். வால் இல்லை. விட்டுவிட்டாராம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கொய்யா மரத்தடியில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். காலடியில் பாதி கடித்த காய்கள் கிடந்தன.

“வால் இருந்திருந்தா, மேடம்? விட்டிருப்பாரா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் ‘ஆபத்து இல்லை’ன்னு போட்டிருக்கோமேம்மா,” என்றார்.