கிடையில் பார்த்த பிரஷர்

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பது என் வேலை. பசுவந்தனையைச் சுற்றி நாலு ஊர் என் பொறுப்பு. ஆறு வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறந்து உண்மை சொல்லமாட்டார்கள்.

நந்தகோபால் அண்ணாச்சியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன். அறுபது வயது. எழுபது ஆடுகள். பருத்தியும் மிளகாயும் எடுத்து முடித்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர். விளாத்திகுளம் வரை ஆடுகளோடு நடந்தே போய்வருவார். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. ஆனால் போன வருடம் அவருடைய அண்ணன் பிரஷர் ஏறி, வலப்பக்கம் முழுக்க விழுந்து, இன்றைக்கும் பேச்சு வராமல் கிடக்கிறார். இவருக்கோ நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. இவரும் அப்படி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியென்றால் உப்புதான். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தம் பெருகும், இதயம் முக்கி முக்கித் தள்ளவேண்டிவரும். இதை மாதாமாதம் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

"குழம்புல உப்பக் குறைச்சீங்களா மதினி?" என்று அவர் மனைவி சுந்தரம்மாளிடம் கேட்பேன்.

"பாதிகூடப் போடல முத்துசெல்வி. வாயில வைக்க வெளங்கல. அவியதான் கோயில்பட்டிக்குப் போனா புரோட்டாக் கடையில உக்காந்துருதாவளோ என்னமோ."

"ஏட்டி, நான் எங்க போறேன்?" என்று அவளிடம் சீறிவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவார். "இவ மிசினு சரியில்ல. வெயில்ல நிக்கவனுக்கு உப்பு வேணும், அது தெரியாது இவளுக்கு."

அவர் என் மிஷினைச் சந்தேகப்பட்டார். அவள் அவரைச் சந்தேகப்பட்டாள். நான் இரண்டு பேரையுமே நம்பவில்லை. பாவம் பார்த்து இந்த அம்மாள்தான் ஒரு கை உப்புக் கூடப் போடுகிறாள் என்று எனக்கு உறுதி.

கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்றே பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் கிடைக்குப் போனேன். உடைமர நிழலில் சுந்தரம்மாள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். கேட்காமலே கம்மங்கஞ்சியை ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. குழம்பும் அப்படியே. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

அப்போது அவள் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். வறுத்த மோர் மிளகாய். அண்ணாச்சி ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று கடித்தார். பதினொன்று வரை எண்ணினேன்.

"தினமும் இம்புட்டா அண்ணாச்சி?"

"பின்னே? உப்பில்லாக் கஞ்சி இது இல்லாம எறங்குமா?"

"மதினி, இதுல எவ்வளவு உப்பு போடுதீங்க?"

"அள்ளித்தான் போடணும், இல்லன்னா புழுத்துரும்லா? ஆனா அது தொட்டுக்கிடுத வெஞ்சனம்லா. நீ குழம்பத்தான கேட்ட?"

ஆமாம், குழம்பைத்தான் கேட்டேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் வத்தல் ஒரு உப்பாகத் தோன்றவே இல்லை. இத்தனை மாதம் ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி என்று நினைத்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சுந்தரம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்ப நாந்தான் அவியளுக்கு ஊட்டிவிட்டிருக்கனா?" என்று டப்பாவை மூடினாள். பிறகு மெதுவாக, "குழம்பு சப்புனு இருக்குன்னு நானும் இதத்தான திங்கேன்," என்றாள்.

அந்த வீட்டுக்கு ஒன்றரை வருடமாகப் போகிறேன். அடுப்பில் வேலை என்று அவள் நழுவுவாள், நானும் விட்டுவிடுவேன். அவள் கையில் ஒரு தடவைகூடப் பிரஷர் பட்டையைச் சுற்றியதில்லை.

ஐந்து நிமிடம் நிழலில் உட்காரவைத்துச் சுற்றினேன். எண் நின்றதும் சரியா என்று மறுபடியும் ஒரு தடவை பார்த்தேன்.

"அவியளுக்கு இருக்கதவிட கூடவா, கொறையவா?" என்றாள்.

"கூட," என்றேன்.

அண்ணாச்சி கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.